சுளுக்கு ஆறிய பிறகும் கால் ஏன் மடங்குகிறது?

கணுக்கால் சுளுக்குக்குப் பிறகு வரும் தடுமாற்றம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் பிசியோதெரபி குழு இந்த இதழில் பதில் சொல்கிறது. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கல்லூரி அணியில் வாலிபால் ஆடுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் பிளாக் எடுத்து இறங்கும்போது எதிரணி ஆட்டக்காரரின் கால்மேல் மிதித்துவிட்டேன். இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கிரேப் பேண்டேஜ் கட்டி ஓய்வெடுத்தேன். இப்போது வலி, வீக்கம் எதுவும் இல்லை. ஆனால் சும்மா ரோட்டில் நடக்கும்போதே இரண்டு தடவை கால் மடங்கிவிட்டது. ஆறிவிட்ட காலுக்கு இது ஏன் வருகிறது?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உங்களுக்கு அடிபட்டது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் ஜவ்வில், அதாவது லிகமென்டில். கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து மூன்று லிகமென்டுகள் கிளம்புகின்றன. ஒன்று முன்னால் போகிறது, ஒன்று கீழே குதிகால் எலும்புக்கு, ஒன்று பின்னால். குதித்து இறங்கும் காலில் விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும். கணுக்கால் மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் இருப்பதால், விரல் கீழே போகப் போக மூட்டின் பிடி தளர்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாதம் உள்ளே திரும்பினால் முன்பக்க லிகமென்ட்தான் முதலில் கிழியும். இன்னும் பலமாக மடங்கினால் குதிகாலுக்குப் போவதும் சேர்ந்து கிழியும். பின்பக்கத்தது கிழிவது அபூர்வம்.

லிகமென்டுக்கு இரண்டு வேலை. மூட்டை இழுத்துப் பிடிப்பது ஒன்று. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக அசைகிறது என்று நரம்பு வழியே தகவல் அனுப்புவது மற்றொன்று. பிரிட்டனில் மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 1965ல் சுளுக்கியவர்களை ஒற்றைக்காலில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஜவ்வோடு சேர்ந்து அதிலுள்ள நரம்பு நுனிகளும் சேதமாவதால்தான் பிறகு கால் ஏமாற்றுகிறது என்றார்கள். ஆடும் பலகைமேல் பயிற்சி கொடுத்தால் தடுமாற்றம் குறைகிறது என்பதையும் காட்டினார்கள். அந்தப் பயிற்சி நிலைத்துவிட்டது. விளக்கம் மட்டும் முழுதாக நிலைக்கவில்லை. ஊசி போட்டு அந்த லிகமென்டை மரத்துப்போக வைத்தாலும் ஒருவர் ஒற்றைக்காலில் நிற்பது பெரிதாகக் கெடுவதில்லை என்று பிந்தைய சோதனைகளில் தெரிந்தது. தசைகளிலும் தசைநாண்களிலும் பாதத் தோலிலும் அதே தகவலைத் தரும் உணர்விகள் இருக்கின்றன அல்லவா?

ஆகவே இப்போது ஜவ்வைவிட மூளையைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. சுளுக்கிய முதல் சில வாரங்களில் அடிபடாத காலின் சமநிலையும் குறைகிறது! ஒரு பக்க ஜவ்வு கிழிந்ததற்கு மறு கால் தடுமாறக் காரணமில்லை. இரண்டு காலுக்கும் கட்டளை தரும் இடத்தில்தான் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

இனி, சும்மா நடக்கும்போது ஏன் மடங்குகிறது என்ற உங்கள் கேள்வி. கால் மடங்கத் தொடங்கியதும் அதைத் தடுக்க வேண்டியவை கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகள். அவை விழித்துக்கொள்ளவே ஏறத்தாழ 60 முதல் 80 மில்லி நொடி ஆகும். பிறகு இழுவிசை கூட இன்னும் கொஞ்ச நேரம். கால் பிசகுவது பெரும்பாலும் அதற்குள் நடந்து முடிந்துவிடும். எனவே உங்களைக் காப்பது மடங்கிய பிறகு தசை காட்டும் வேகம் அல்ல. பாதம் தரையைத் தொடும் முன்பே மூளை அதைச் சரியான கோணத்தில் பிடித்து, தசைகளைத் தயாராக வைத்திருப்பதுதான். நடையில் காலை முன்னே வீசும்போது பாதம் தரைக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் போகிறது. சுளுக்குக்குப் பிறகு பலருக்குப் பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தபடியே இறங்குகிறது. சாலையில் ஒரு சின்ன மேடு போதும், பாதத்தின் வெளி ஓரம் தட்டி, உடல் எடை அதன்மேல் ஏறிவிடும்.

இது அரிதான கதையும் அல்ல. அயர்லாந்தின் டப்ளினில் முதல்முறை சுளுக்கியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது 40 சதவீதம் பேருக்குக் காலில் நிலையின்மை தங்கிவிட்டிருந்தது. வலி போனதும் நிறுத்திவிடாமல், கீழே நான்காவது பதிலில் சொல்லியிருக்கும் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். பழைய சுளுக்கிலும் அது பலன் தரும்.

கேள்வி: சுளுக்கியதும் உருவிவிட்டுக் கட்டுப் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும்? எத்தனை நாள் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும்?
– இல்லத்தரசி, அருப்புக்கோட்டை

பதில்: முதல் இரண்டு மூன்று நாள் உருவ வேண்டாம். உள்ளே கசிந்துகொண்டிருக்கும் இரத்தத்தை அது அதிகமாக்கும். முறிவு இருந்தால் அதைவிடப் பெரிய வினை.

எக்ஸ்ரேக்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992ல் வகுத்த ஒரு விதி உலகெங்கும் பயன்படுகிறது. வெளிப்பக்கப் புடைப்பு, உள்பக்கப் புடைப்பு இரண்டிலும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் கீழிருந்து 6 செ.மீ. உயரம் வரை அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேராகப் பாதி தூரத்தில் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பையும், உள்பக்கம் வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பிலேயே சுருக்கென்று வலித்தாலோ, அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த விதியை நம்பக் கூடாது, வலி அவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

முறிவு இல்லையென்றால் காலை ஊன்றாமல் வாரக்கணக்கில் வைத்திருப்பது நன்மை செய்யாது. தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம், தேவைப்பட்டால் கைத்தடியோடு. ஐஸ் வலியைக் குறைக்கும். ஆனால் ஜவ்வைச் சீக்கிரம் ஆற்றும் என்று சொல்ல முடியாது. துணி சுற்றி 10 முதல் 15 நிமிடம் போதும். முதல் வாரத்திலேயே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், இரண்டு கால்களிலும் சம எடை வைத்து நிற்கப் பழகுவதும் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி: என் கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று மெஷின் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே அளக்க வழி உண்டா?
– உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. ஒரு இன்ச் டேப்பும் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பும் போதும். மாணவர்களுக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் மடக்கம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் காலைக் கொஞ்சம் பின்னே தள்ளி மீண்டும். குதிகால் தரையிலேயே இருக்க, முழங்கால் சுவரைத் தொடும் கடைசி இடத்தில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. பக்கம் வருவது சாதாரணம். அந்த எண்ணைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம், 2 செ.மீ.க்கு மேல் குறைந்தால் கணுக்கால் இன்னும் இறுகியே இருக்கிறது. ஒரு செ.மீ. என்பது மூட்டில் சுமார் மூன்றரை டிகிரி. இதைச் சரிசெய்யாமல் சமநிலைப் பயிற்சியில் இறங்குகிறவர்கள்தான் முன்னேற்றமே இல்லை என்று பிறகு சலித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நிற்றல். வெறுங்காலில், கைகளை இடுப்பில் வைத்து, கண்ணை மூடி ஒற்றைக்காலில் 20 நொடி. விழாமல் நின்றாரா என்று பார்ப்பதைவிடப் பிழைகளை எண்ணுவது துல்லியம். கை இடுப்பை விட்டு எழுந்தால் ஒரு பிழை. கண் திறந்தால், தூக்கிய கால் தரையைத் தொட்டால், நிற்கும் காலின் குதியோ முன்பாதமோ எழுந்தால், இடுப்பு 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு பிழை. சரியான நிலைக்குத் திரும்ப 5 நொடிக்கு மேல் ஆனாலும் பிழை. பத்துக்கு மேல் எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், களைப்பில்லாத போது எண்ணி எழுதி வையுங்கள்.

மூன்றாவது எட்டித் தொடுதல். தரையில் மூன்று டேப் ஒட்டுங்கள். ஒன்று நேர் முன்னே. மற்ற இரண்டும் பின்பக்கம் இடமும் வலமுமாக, முன்கோட்டிலிருந்து 135 டிகிரியில். மூன்றும் சேரும் இடத்தில் ஒற்றைக்காலில் நின்று, மறு காலின் விரல்நுனியால் ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் லேசாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். எட்டிய காலில் எடை போட்டாலோ, நிற்கும் குதி எழுந்தாலோ கணக்கில்லை. முதல் நான்கு முயற்சிகள் பழக்கத்துக்கு. அடுத்த மூன்றின் சராசரியை எடுங்கள். உயரம் வேறுபடும் மாணவர்களை ஒப்பிட, இடுப்பின் முன்பக்க எலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உள்புடைப்பு வரை கால் நீளத்தை அளந்து, அதில் எத்தனை சதவீதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடுகிறவர்களிடம் 2006ல் பார்த்தபோது, முன்பக்க எட்டலில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் உள்ளவர்களுக்குக் காலில் காயம்படும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது.

எந்தத் திசையில் குறைகிறது என்பதும் ஒரு செய்தி. முன்னே எட்டுவது மட்டும் குறைந்தால் கணுக்கால் மடக்கத்தைச் சந்தேகியுங்கள். பின்னே குறைந்தால் இடுப்புப் பக்கவாட்டுத் தசைகளின் பலத்தைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சுளுக்கிய புதிதில் நல்ல காலும் குறைந்தே இருக்கும் என்று மேலே சொன்னோம். இரண்டும் சமம் என்பதால் மட்டும் தேறிவிட்டதாக எண்ண வேண்டாம். சீசன் தொடங்கும் முன்பே எல்லா மாணவர்களுக்கும் அளந்து நோட்டில் வைத்திருந்தால் அடிபட்ட பிறகு ஒப்பிட அதுதான் உதவும்.

கேள்வி: இணையத்தில் பார்த்து, தலையணைமேல் ஒற்றைக்காலில் தினமும் நிற்கிறேன். ஒரு மாதமாகியும் முன்னேற்றம் இல்லை. கால் விரல்களும் பாதமும் வலிப்பதுதான் மிச்சம். என்ன தவறு?
– தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: தலையணை இரண்டாம் வகுப்புப் பாடம். முதல் வகுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். மெத்தென்ற பரப்பில் பாதத் தோலுக்குக் கிடைக்கும் அழுத்தத் தகவல் குழம்பிவிடும். கட்டாந்தரையிலேயே ஒழுங்காக நிற்காத காலுக்கு அது தண்டனைதான். விழாமலிருக்க விரல்களைச் சுருட்டித் தரையைக் கவ்வுகிறீர்கள், வலிக்குக் காரணம் அது.

வெறும் தரையிலிருந்து தொடங்குங்கள். கதவு நிலை பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். எடை மூன்று இடங்களில் இறங்க வேண்டும்: கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால். விரல்கள் நீண்டு, தளர்ந்து கிடக்கட்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டாமல் இளக்கமாக மடக்குங்கள். கால் ஆடும்போது உடம்பு அதை எங்கிருந்து சரிசெய்கிறது என்று கவனியுங்கள். சின்ன ஆட்டத்தைக் கணுக்காலே சமாளிக்க வேண்டும். சுளுக்கியவர்கள் கணுக்காலை இறுக்கி வைத்துக்கொண்டு இடுப்பை வளைத்துச் சமாளிக்கப் பழகிவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்றால் தெரியும்: தோளும் இடுப்பும் அலைந்து பாதம் அசையாமல் இருந்தால், எத்தனை நிமிடம் நின்றாலும் கணுக்கால் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ஒரு காலுக்கு 30 நொடி, 3 முதல் 5 தடவை. மூன்று தடவை தொடர்ந்து எதையும் பிடிக்காமல் நின்றுவிட்டால் நேரத்தைக் கூட்டாதீர்கள், வேலையைக் கூட்டுங்கள். இரண்டு நிமிடம் சிலைபோல் நிற்பதால் ஆட்டத்திலோ நடையிலோ பயனில்லை. நின்றபடி தலையை இடமும் வலமும் திருப்புங்கள். சுவரில் பந்தை எறிந்து பிடியுங்கள். முழங்காலை மடக்கி அரைவாசி உட்கார்ந்து எழுங்கள், 10 தடவை. முந்தைய பதிலில் சொன்ன மூன்று கோட்டு எட்டலே நல்ல பயிற்சியும்கூட, ஒவ்வொரு திசைக்கும் 5 தடவை.

இவை எளிதான பிறகு பரப்பை மாற்றலாம். மடித்த கெட்டி டவல், பிறகு தலையணை. ஆடும் பலகை வாங்குவதானால் சுமார் 40 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை போதும். அதில் முதலில் இரண்டு காலும் வைத்து முன்பின்னாக, பிறகு பக்கவாட்டில் சாயுங்கள். விளிம்பு தரையில் தட்டாமல் வட்டமாகச் சுற்ற வந்த பிறகே ஒற்றைக்கால். பலகை இல்லாவிட்டால் பெரிய குறையில்லை.

பெரும்பாலோர் தொடாமல் விடுவது கடைசிக் கட்டத்தை. அது இறங்குதல். முன்பே சொன்னபடி, பாதம் தரையைத் தொடும் முன்பே தயாராக வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் அது வராது. சின்னதாக முன்னே தத்தி, ஒற்றைக்காலில் இறங்கி, 3 நொடி ஆடாமல் நில்லுங்கள். அடுத்து பக்கவாட்டில், அடுத்து கால்வட்டம் (90 டிகிரி) திரும்பி இறங்குதல். முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக மடங்க வேண்டும், சத்தமில்லாமல் இறங்க வேண்டும். திசைக்கு 5 தடவை, அதற்குமேல் களைப்பில் தவறான பழக்கம்தான் பதியும்.

இவற்றோடு ஒற்றைக்காலில் குதி உயர்த்தல் 15 வீதம் மூன்று சுற்று, ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளுதல் 15 வீதம் மூன்று சுற்று. தினமும் வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், எட்டு வாரம். இந்த அளவு கற்பனையல்ல. நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களை வைத்து 2009ல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே யார் கண்காணிப்பும் இல்லாமல் இப்படிச் செய்தவர்களில் ஓராண்டுக்குள் 22 சதவீதம் பேருக்கு மீண்டும் சுளுக்கியது. செய்யாதவர்களில் 33 சதவீதம். பாதியில் விடாதீர்கள் என்பதற்காகத்தான் எண்ணைச் சொல்கிறோம்.

பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் கணுக்கால் வீங்கியிருந்தால் அளவு அதிகம் என்று பொருள், ஒரு கட்டம் பின்னே போங்கள்.

கேள்வி: கண்ணை மூடினால் ஐந்து நொடிகூட நிற்க முடியவில்லை. காதுக் கோளாறாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது சுளுக்கே இல்லாதவர்களுக்கும் கடினம். இருபது முப்பது வயதுக்காரர்களின் சராசரியே சுமார் 10 நொடிதான். அறுபதைக் கடந்தவர்களுக்குச் சில நொடிகள். உடல் நிலைக்குக் கண், உள்காது, தசையும் மூட்டும் தரும் தகவல் மூன்றும் வேண்டும். கணுக்கால் தரும் தகவல் மங்கியவர்கள் தெரியாமலே கண்ணை அதிகம் நம்பத் தொடங்குகிறார்கள், மூடியதும் திணறுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: இரண்டு கால்களையும் சேர்த்து நின்று, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க் விவரித்த சோதனை இது. அதிலேயே சரிந்தால், அல்லது படுக்கையில் புரளும்போது சுற்றினால், நரம்பியல் அல்லது காது மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் பிரச்சினை காலில்தான். கண்ணை முழுதாக மூடுவதிலேயே குறியாக இருக்கவும் வேண்டாம். தலையைத் திருப்பிக்கொண்டும், எறிந்த பந்தைப் பார்த்துக்கொண்டும் நிற்பது அன்றாடத்துக்கு அதிகம் உதவும். அப்போது கண் வேறு வேலையில் இருக்கிறது, கணுக்கால் தானாக நின்றாக வேண்டும்.

கேள்வி: மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள், வயது 16. வலது கணுக்கால் சுளுக்கி ஆறு வாரமாகிறது. பிசியோ சொன்ன ஒற்றைக்கால் பயிற்சிகள் செய்கிறாள். எப்போது, எந்த அடவிலிருந்து தொடங்கலாம்?
– தாய், மயிலாப்பூர், சென்னை

பதில்: ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பதோடு, வலது காலில் மட்டும் நின்று 15 தடவை குதி உயர்த்தவும் முடிந்தால் தொடங்கலாம். அரைமண்டியை (முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கி அரைவாசி உட்காரும் நிலை) முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பாதம் வெளியே திரும்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு கொடுக்காதபோது பாதத்தை முறுக்கித் திருப்பினால் உள்வளைவு தரையில் படிந்து, முழங்கால் விரலைவிட உள்ளே விழும். சுளுக்கிய கணுக்காலுக்கு இது கெடுதல். அதனால் சில வாரத்துக்குக் குறைந்த திருப்பத்தில், ஆழமில்லாத மண்டியில் ஆடச் சொல்லுங்கள்.

தட்டடவு முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். வலியும் மறுநாள் வீக்கமும் இல்லையென்றால் இரண்டாம் காலம், பிறகு நாட்டடவு. குதித்து மெட்டடவை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். அதில் விரல்நுனியில் குதித்து நின்று குதியைத் தட்டுகிறோம். விரல் கீழ்நோக்கிய நிலையில் கணுக்காலின் பிடி எவ்வளவு தளரும் என்று முதல் பதிலில் பார்த்தோம். மேலே சொன்ன இறங்கல் பயிற்சி பிசகில்லாமல் வந்த பிறகு, இரண்டு கால் மெட்டு முதலில். முழுமண்டியும் மண்டி அடவுகளும் கடைசி, சுவர் அளவில் இரு கால் வித்தியாசம் 2 செ.மீ.க்குள் வந்த பிறகு. சலங்கையும் அதற்குப் பிறகுதான். அதன் எடை காலை வீசும் கணக்கையே மாற்றும். கருங்கல் தரையைவிட மரத்தரை நல்லது.

வெறுங்காலில் ஆடுவதால் கயிறு கட்டும் பிரேஸ் (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் உறை) சரிப்படாது. ஒட்டும் டேப் போடலாம். அரங்கேற்றத் தேதி குறித்தாயிற்று என்றால் அதைத் தள்ளிப்போடும்படி ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: பிரேஸ் போட்டால் கால் அதற்கே பழகி பலவீனமாகிவிடும் என்கிறார்கள். பயிற்சியா, பிரேஸா?
– கால்பந்து வீரர், காரைக்கால்

பதில்: பலவீனமாகும் என்பது பரவலான பயம், சோதனைகளில் அப்படித் தெரியவில்லை. நெதர்லாந்தில் 2014ல் வெளியான ஆய்வில் 384 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எட்டு வாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கியது 27 சதவீதம் பேருக்கு. ஓராண்டு ஆட்டம்தோறும் பிரேஸ் போட்டவர்களில் 15 சதவீதம். எட்டு வாரம் இரண்டும் செய்தவர்களில் 19. ஆக, மைதானத்தில் பிரேஸ் நன்றாகவே காக்கிறது. ஆனால் அது மைதானத்தில் மட்டும்தான் இருக்கும். படிக்கட்டிலும் பேருந்திலும் இருக்காது. பிரேஸ் போட்டு ஆடுங்கள், பயிற்சியையும் செய்யுங்கள்.

கயிறு கட்டும் வகையையோ இருபுறமும் கெட்டித் தகடு உள்ளதையோ வாங்குங்கள். மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் உறை சூடாக இருக்கும், அவ்வளவுதான். டேப் போட்டால் 20, 30 நிமிட ஓட்டத்தில் பெருமளவு தளர்ந்துவிடும். இடைவேளையில் மீண்டும் ஒட்டினால்தான் உண்டு.

மைதானத்துக்குத் திரும்பும் முன் ஒரு சோதனை: 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைக்காலில் பக்கவாட்டில் போய்த் திரும்ப 10 தடவை தத்துங்கள். நேரத்தைக் குறித்து மறு காலோடு ஒப்பிடுங்கள். வலியோ, கால் நழுவும் உணர்வோ இருந்தால் நேரம் நன்றாக இருந்தாலும் தேறவில்லை. வாலிபால் ஆடுகிற திண்டுக்கல் மாணவருக்கும் இது பொருந்தும். வலைக்குக் கீழே மையக்கோட்டைத் தாண்டாமல் இறங்கும் உத்தியையும் அவர் பழக வேண்டும். நார்வே வாலிபால் அணிகளில் அந்த உத்தியையும் பலகைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்ததில் கணுக்கால் சுளுக்கு பாதியாகக் குறைந்ததாக 1997ல் அறிவித்தார்கள்.

கேள்வி: வயது 63. பேருந்துப் படியில் இறங்கும்போது கால் பிசகியது, இரண்டு மாதமாகிறது. இருபது வருடமாகச் சர்க்கரை உண்டு. இந்த ஒற்றைக்கால் பயிற்சி எனக்குச் சரிவருமா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், சேலம்

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். அந்தப் பாதம் மறு பாதத்தைவிடச் சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருந்து, அதற்கேற்ற வலி இல்லையென்றால், எந்தப் பயிற்சியும் வேண்டாம், காலை ஊன்றவும் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு மரத்த பாதத்தின் எலும்புகள் ஒரு சாதாரண பிசகலுக்குப் பிறகு நொறுங்கத் தொடங்கலாம். அதைச் சுளுக்கு என்று நினைத்து நடந்தே பாதத்தின் வடிவம் போனவர்கள் உண்டு.

அது இல்லையென்றால் சர்க்கரை மருத்துவரிடம் பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் பயிற்சியும் தலையணையும் உங்களுக்கு இல்லை. பின்பட்டையுள்ள செருப்போ ஷூவோ போட்டுச் செய்யுங்கள். விரலால் கவ்விப் பிடிக்க வேண்டிய ஹவாய் செருப்பு வேண்டாம்.

அறையின் மூலையில் சுவர்களுக்கு முதுகு காட்டி நின்று, முன்னால் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு எரியட்டும். முதலில் இரு பாதங்களும் சேர்ந்து, பிறகு ஒரு பாதம் அரைவாசி முன்னே, பிறகு ஒரு காலின் குதி மறு காலின் விரலைத் தொடும்படி, கடைசியில் ஒற்றைக்கால். ஒவ்வொன்றிலும் 10 நொடியில் தொடங்கி 30 வரை வந்த பிறகே அடுத்தது. நாற்காலியில் ஒரு விரல் வைத்திருப்பது குறையல்ல. அந்த விரல்நுனித் தொடுகையே ஆட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். கண்ணை மூடிச் செய்யவே வேண்டாம். எழுந்ததும் தலைசுற்றும் பழக்கமோ, இரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் முன்பக்க லிகமென்ட் முழுதாகக் கிழிந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?
– கபடி வீரர், மதுரை

பதில்: ஸ்கேனில் கிழிசல் தெரிவதும் ஆபரேஷன் தேவைப்படுவதும் வேறு வேறு. முழுதாகக் கிழிந்த பலர் பயிற்சியோடு நன்றாக ஆடுகிறார்கள். மூன்று முதல் ஆறு மாதம் இறங்கல் பயிற்சி வரை முறையாகச் செய்தும் கால் திரும்பத் திரும்ப மடங்கினால், மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்கும்போதும் மூட்டு தளர்ந்திருந்தால், அப்போது யோசிக்கலாம். வழக்கமாகச் செய்வது கிழிந்த லிகமென்டையே இழுத்துத் தைத்து இறுக்கும் முறை. ஸ்வீடன் மருத்துவர் புரோஸ்ட்ரம் 1966ல் விவரித்தது, 1980ல் கோல்ட் செய்த சிறு மாற்றத்தோடு இன்றும் நடக்கிறது. அதற்குப் பிறகும் ஆட்டத்துக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். தைத்த காலுக்கும் இதே சமநிலைப் பயிற்சிதான்.

உங்கள் பிரச்சினை மடங்குவதைவிட வலிதான் என்றால், அது எங்கே என்று பாருங்கள். மூட்டுக்குள் ஆழத்தில் வலித்தால் எலும்பின் மேலுள்ள குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். கணுக்காலுக்கு மேலே, இரண்டு கால் எலும்புகளும் சேரும் இடத்தில் வலித்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது கூடினால் அது வேறு வகைச் சுளுக்கு, ஆற அதிக நாளாகும். வெளிப்புடைப்பின் பின்னால் ஏதோ நழுவி ‘டக்’ என்றால் அங்குள்ள தசைநாண். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இந்த மூன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.